அகழ்ந்த நிலமும் அமானிதமும்

நாஞ்சில் என்னும் சொல்லுக்குக் கலப்பை என்பது பொருள். உழுபடையால் பெயர்பெற்ற நாட்டில் வாழும் நாம், 2023 சூலைத் திங்களில் கடலூர் மாவட்டத்து வளையமாதேவியில் நிகழ்ந்ததை எளிதில் மறத்தல் இயலாது. நெய்வேலிச் சுரங்கத்தின் பொருட்டுப் பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்டுவதற்காக, நெற்பயிர் நின்ற வயல்களில் மண்வாரி எந்திரங்கள் இறக்கப்பட்டன. நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். நட்ட பயிர் எம்முடையது என்றனர் உழவர். சென்னை உயர்நீதிமன்றம் ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு வழங்கப் பணித்தது. பயிருக்கு விலை கிடைத்தது. மண்ணைப் பற்றிய வினாவோ இன்னும் நிற்கிறது.

நெய்வேலியின் வரலாறு பெருமைக்குரியதே. 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட்டது. 1956இல் நிறுவனம் பிறந்தது. 1957இல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1962 முதல் மின்சாரம் பிறந்தது. தென்மாநிலங்கள் பலவற்றின் இல்லங்களும் ஆலைகளும் அதனால் ஒளிபெற்றன. இந்நன்மையை மறுத்தல் நன்றிகோறல் ஆகும். ஆயினும் முந்திரியும் பலாவும் நிலக்கடலையும் விளைந்த செம்மண் காடுகளும், பின்னர் நெல் விளைந்த வயல்களும் இவ்வொளிக்குக் கொடுத்த விலையையும் நாம் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

பழுப்பு நிலக்கரிப் படுகை ஐம்பது மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. மேலுள்ள மண் முழுவதையும் அகற்றினாலன்றி அதனை எடுத்தல் இயலாது. படுகைக்கு அடியில் அழுத்தத்துடன் தேங்கியுள்ள நீரையும் இரவுபகலாக இறைத்துக்கொண்டே இருத்தல் வேண்டும். எடுத்து முடிந்த பள்ளத்தை அகற்றிய மண்ணைக் கொண்டே நிரப்பி, மரம் நட்டும், எருவும் பசுந்தாளும் இட்டுப் பயிர் விளைவித்தும் நிலம் மீட்கப்படுகிறது. இது பாராட்டத்தக்க முயற்சியே. எனினும் தலைமுறை தலைமுறையாக எருவிட்டுப் பண்படுத்திய ஒரு முழ மேல்மண், ஆழத்து மண்ணோடு கலந்துவிட்டால் மீண்டும் விளைநிலமாகப் பல்லாண்டுகள் ஆகும். பள்ளம் நிரம்பியது என்பதும் நிலம் திரும்பியது என்பதும் ஒன்றல்ல.

தொல்காப்பியர் பாலைக்குத் தனி நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தே பாலையாகும் என்பது இளங்கோவடிகளின் கருத்து. இயற்கையின் வெம்மையால் அன்று நேர்ந்த திரிபு, இன்று மனிதர் கையால் மருதத்திற்கும் நேர்கிறது. மண் நமக்கு முழுவுரிமைப் பொருளன்று. இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் என்பது நம் மார்க்கம் கற்பிக்கும் நெறி. அமானிதப் பொருளைப் பெற்றவர், பெற்ற நிலையிலேயே திருப்பித் தரக் கடமைப்பட்டவர். பணம் கொடுத்துவிட்டதனால் மட்டும் அக்கடமை தீர்ந்துவிடாது.

உலகமும் இதனை உணர்ந்துவருகிறது. அமெரிக்காவில் 1977இல் இயற்றப்பட்ட சட்டம், மீட்புச் செலவுக்குரிய பிணைத்தொகையைச் சுரங்கம் தோண்டுமுன்பே கட்டச் சொல்கிறது. நம் நாட்டிலும் 2009இல் நிலக்கரி அமைச்சகம், சுரங்கங்களை மூடுவதற்கான திட்டத்தையும் அதற்கெனத் தனிவைப்புக் கணக்கையும் வலியுறுத்தி நெறிமுறை வகுத்தது. இவற்றோடு மூன்று நிபந்தனைகள் வேண்டும் என்பது நம் கருத்து: மேல்மண்ணைத் தனியே காத்து மேலேயே பரப்புதல், கிணற்று நீர்மட்டத்தை ஊரறிய அறிவித்தல், மீண்ட நிலத்தில் உழும் முதலுரிமையை நிலமிழந்த குடும்பத்தார்க்கே அளித்தல்.

இவை நமக்குத் தொலைவான செய்திகள் அல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மணவாளக்குறிச்சியில் தாதுமணல் எடுக்கத் தொடங்கினர். கிள்ளியூர் வட்டக் கடற்கரையில் 1,144 ஹெக்டேர் பரப்பில் அணுக்கனிமம் எடுக்கும் திட்டத்தின் பொருட்டு 2024 அக்டோபர் 1 அன்று அறிவிக்கப்பட்ட கருத்துக்கேட்புக் கூட்டம், மக்களின் எதிர்ப்பால் தள்ளிவைக்கப்பட்டது. வேண்டும், வேண்டா என்னும் வழக்காடலுக்கு முன், இன்று அந்நிலம் எவ்வாறு உள்ளது என்பதற்குச் சான்று வேண்டாமா?

ஆகவே மாணவச் செல்வங்களுக்கு ஒரு பணி. உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் சென்று, எந்த வயலில் என்ன விளைந்தது, எந்தக் கிணற்றில் எத்தனை அடியில் நீர் நின்றது, எந்தக் குளம் எப்போது தூர்ந்தது எனக் கேட்டு எழுதிவையுங்கள். கொடுத்தது இன்னது என்று குறித்துவைத்தவரே, திருப்பித் தருக என்று உரிமையோடு கேட்க இயலும்.