பஞ்சாயத்துக்கு வர்ற நூறு ரூபாய்

"இப்பத்தான் பணம் பஞ்சாயத்துக்கே வருதே, அப்புறம் ஏன் வாய்க்கால் பாலம் இப்படிக் கிடக்கு?"ன்னு சென்னையில இருக்கிற சொந்தக்காரர் ஒருத்தர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

பணம் வருது. 2021-26க்கான 15-வது நிதிக்குழு மானியத்துல ஊருக்கு 100 ரூபாய்னா, அதுல 30 குடிநீருக்கு, 30 சுகாதாரத்துக்குன்னு டெல்லியிலேயே எழுதியாச்சு. மீதி 40 மட்டும்தான் ஊர் முடிவு பண்றது. அதையும் சம்பளத்துக்குத் தொடக்கூடாது.

குடிநீர் வேண்டாம்னு எவன் சொல்வான்? ஆனா ஆத்தங்கரை ஊருக்கும், லாரித் தண்ணிக்குக் குடத்தோட நிக்கிற மேட்டு ஊருக்கும் ஒரே கணக்கா? எங்களுக்கு இப்ப வேண்டியது அந்தப் பாலம். நெல் மூட்டை ஏத்தின டிராக்டர் அதுல ஏறப் பயப்படுது. சுத்திப் போனா மூணு கிலோமீட்டர். அந்த டீசல் காசு எங்க மடியிலிருந்துதான் போகுது.

இன்னொரு கூத்து, தேர்தல். 2016-ல நடக்க வேண்டிய ஊராட்சித் தேர்தல் 2019 கடைசியிலதான் நடந்துச்சு. தேர்ந்தெடுத்த ஆளுங்க இல்லைன்னு மத்திய மானியமே நின்னு போச்சு. தேர்தல் நடத்தாதது ஊரா? தண்டனை மட்டும் ஊருக்கு. அப்ப வந்தவங்க பதவியும் 2025 ஜனவரியில முடிஞ்சு, மறுபடி தனி அலுவலர். அவர் நல்லவராவே இருக்கட்டும். ஒரு ஒன்றியத்துல இருக்கிற அத்தனை ஊரையும் பார்க்கிறவர்கிட்ட எங்க பாலம் எத்தனாவது கோப்பு? தலைவர்னா டீக்கடையிலேயே மடக்கிக் கேட்டுருவோம்.

டெல்லியும் சென்னையும் கை வைக்காத காசு ஒண்ணு உண்டு. வீட்டு வரி. அது ஊர்லயே வசூலாகி ஊர்லயே செலவாகுது. தொகை சின்னதுதான், ஆனா எதுக்குன்னு ஊரே முடிவு பண்ணலாம். கூலி வேலைக்குப் போறவங்க கட்டிடறாங்க. பாக்கி நிறைய நிக்கிறது பூட்டிக் கிடக்கிற மெத்தை வீடுகள்ல. சொந்தக்காரருக்கு இதைச் சொன்னதும் பேச்சை மழைக்கு மாத்திட்டார்.

பொங்கலுக்கு வர்றவங்க முடிஞ்சா ஜனவரி 26 வரைக்கும் இருங்க. அன்னைக்குக் கிராம சபை. வரவு செலவு வாசிக்கும்போது, வீட்டு வரி வசூல் எவ்வளவு, பாக்கி எவ்வளவுன்னு எழுந்து கேளுங்க. அதுக்கு முன்னாடி உங்க வீட்டு ரசீதை வாங்கி வச்சுக்கிட்டா கேக்க வசதியா இருக்கும்.