பள்ளிக்கூடக் காசு கடனுக்கு அல்ல

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக் காசு வங்கியில் சும்மா கிடக்கிறதாம். மன்னாரில் பேசாலையிலும் வங்காலையிலும் படகு முதலாளியான சம்மாட்டியிடம் கடன்பட்டுக் கிடக்கும் மீன்பிடித் தொழிலாளிக்கு அதைக் குறைந்த வட்டிக்குக் கொடுக்கலாமாம். சொல்பவரின் இரக்கம் எனக்கும் உண்டு. இழுவைப்படகு அறுத்துப்போன வலையை முற்றத்தில் விரித்து, எது தேறும் என்று கண் கண்ணாகத் தடவிப் பார்க்கும் ஆளை நானும் அறிவேன். அந்த வலை மறுபடி அறுந்தால் தவணையை யார் கட்டுவது? பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடமே தகப்பனிடம் கடனைத் திருப்பிக் கேட்டு வாசலில் நிற்பதா?

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலம் பள்ளிக் காசைக் கடன் கொடுத்துப் பார்த்தது. சிக்கசா பழங்குடியினர் விட்டுப்போன பகுதியில் பள்ளிகளுக்குரிய காணியை விற்று, வந்த சுமார் 10 லட்சம் டொலரை 8 வீத வட்டிக்கு ரயில் பாதைகளுக்குக் கொடுத்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் பாதையும் போனது, முதலும் போனது. 1984இல்கூட அந்தப் பகுதியில் பிள்ளை ஒன்றுக்குப் பள்ளிக் காணி வகையில் கிடைத்தது 63 சதம். மாநிலத்தின் மற்ற இடங்களில் 75 டொலருக்கு மேல். போரில் பாதை போவது என்னவென்று தலைமன்னார்க்காரருக்குப் புரியும்: அங்கே போரால் 1990இல் நின்ற ரயில் 2015இல்தான் திரும்பி வந்தது.

கடன் கொடுக்கக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு மூலதனம் கேட்டுப் போராடுவோம், நானும் வருகிறேன். பிள்ளைகளின் காசில் கை வைக்க வேண்டாம்.