அறளை பெயர்ந்தவர்களும் ஆள் குறைந்த வீடுகளும்

பிறர் முகம் பார்த்து மனம் அறிவதைத் தமிழர் நெடுங்காலம் ஒரு கல்வியாகவே போற்றி வந்தார்கள். தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டுக்குத் தனி இயல் உண்டு. வள்ளுவர் குறிப்பறிதலுக்குப் பொருட்பாலில் ஒன்றும் காமத்துப்பாலில் ஒன்றுமாக இரண்டு அதிகாரங்கள் ஒதுக்கினார். அந்த ஆற்றல் முதுமையில் என்னவாகிறது என்று ஆய்வுக்கூடங்கள் கேட்கத் தொடங்கியது அண்மையில்தான். 1998இல் பிரான்செஸ்கா ஹாப்பே குழுவினர் சிறுகதைகளைக் கொடுத்துச் சோதித்தபோது, பாத்திரங்களின் உள்மனத்தை ஊகிப்பதில் இளையோரை முதியோர் விஞ்சினார்கள். 2002இல் எலிசபெத் மெய்லர் குழுவினர் சோதித்தபோது சரிவே தெரிந்தது. வயது அறிவைத் தரும் என்பதும், வயது போனால் அறளை பெயரும், புத்தி தடுமாறும் என்பதும் நம் வீடுகளில் ஒரே வாயில் வந்த பேச்சுகள். விஞ்ஞானமும் அவ்விரண்டுக்கும் நடுவில்தான் இன்னும் நிற்கிறது.

அதே 1998இல், முதுமையின் மறதியை ஆராயக் கொச்சியில் கூடிய ஆய்வாளர்கள் 10/66 என்றொரு குழுவை அமைத்தார்கள். டிமென்ஷியா என்னும் மறதி நோய் கண்ட உலகத்தாரில் மூன்றில் இரண்டு பங்கினர் வளர்முக நாடுகளில் இருக்க, ஆய்வுகளில் பத்தில் ஒரு பங்குகூட அவர்களைப் பற்றி நடக்கவில்லை என்ற ஆதங்கத்தில் பிறந்த பெயர் அது. சென்னையும் வேலூர்க் கிராமங்களும் அதன் களங்களாயின. 2008இல் லான்செட் இதழில் வந்த முடிவு விநோதமானது. வழக்கமான மருத்துவ அளவுகோலின்படி, 65 வயது தாண்டிய இந்தியக் கிராமத்தாரில் 0.3 சதவீதத்தினருக்கே டிமென்ஷியா, கியூபாவில் 6.3. முதியவர் அன்றாடக் காரியங்களில் தடுமாறுகிறார் என்று வீட்டார் சொன்னால்தான் அந்த அளவுகோல் நோயைக் கணக்கில் எடுக்கும். மருமகள் சோறு போட, பேரன் கைபிடித்துக் கோயிலுக்குக் கூட்டிப்போக, கிழவர் எதில் தடுமாறுவார்? அவர் தவறவிட்டதையெல்லாம் ஒரு குடும்பமே எடுத்து வைத்தது. (எடுத்து வைத்தவள் பெரும்பாலும் அந்த மருமகள்தான், அவளுடைய உழைப்பை அந்த அளவுகோல் எண்ணவில்லை.)

இலங்கைத் தமிழர் வீடுகளில் இன்று அப்படி எடுத்து வைக்க ஆள் குறைந்துவிட்டது. பிள்ளைகள் அன்றும் ஊரைவிட்டுப் போனார்கள்தான். மலாயா ரயில்வேக்கும் கொழும்பு அரசாங்கக் கந்தோர்களுக்கும் யாழ்ப்பாணத்து வாலிபர்கள் புறப்பட்டபோது பெற்றோர் ஊரிலேயே தங்கினார்கள். ஒழுங்கை தவறினால் திருப்பிவிட இனசனம் இருந்தது. 1983இன் இனவன்முறைக்கும் 1995இன் யாழ்ப்பாண இடப்பெயர்வுக்கும் பிறகு, போனவர்களோடு ஊரும் போயிற்று. விசாவுக்காகக் கொழும்பு வெள்ளவத்தை லொட்ஜுகளில் காத்திருந்தவர்களில் சிலர் அங்கேயே முதுமை எய்தினார்கள். வெளிநாட்டுக் காசில் வாங்கிய தொடர்மாடி வீடுகள் பிறகு வந்தன. அவற்றில் ஒன்றின் ஐந்தாம் மாடியில், ஒரு தாய் முன்னே வாட்ஸ்அப்பில் கனடாவின் ஸ்காபரோவில் இருக்கும் மகனின் முகம். “சாப்பிட்டியளோ அம்மா?” “ஓம் ராசா, சாப்பிட்டன்.” சிரிப்பு, பேரப்பிள்ளைகளின் சுகம், வழக்கமான உபசாரம் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. சாப்பிட்டாரா என்பது சமைக்க வரும் பெண்ணுக்குத்தான் தெரியும். அல்சைமர் நோயில், நினைவு தேய்ந்த பிறகும் சபைப்பேச்சின் நயம் பலருக்கு நெடுநாள் நின்றுபிடிக்கும். திரையில் தெரிவது அந்த நயம்தான்.

கொழும்பின் இன்னொரு பகுதியான கொட்டாஞ்சேனை சற்று வேறு. ஜம்பட்டா வீதியை ஒட்டிய சந்துகளில் வாசற்கதவு தெருவிலேயே திறக்கிறது. வழி மாறிய கிழவரைக் கடைக்காரர் அடையாளம் கண்டு கூட்டிவருவார். அங்கும் மாடிகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன.

இலங்கையின் 2000ஆம் ஆண்டு 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தம்மைப் பராமரிக்க வழியற்ற பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புப் பணம் கோரலாம். வெள்ளவத்தையில் பலருக்குப் பணம் தவறாமல் வருகிறது. முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற ஏற்பாட்டில் பணம் சிறு பகுதி; பக்கத்தில் இருந்து குறிப்பறிகிற கண்களே பெரும்பகுதி. கொழும்புக்கு அருகே ராகமவில் நடந்து 2003இல் வெளியான ஆய்வு, 65 வயது தாண்டியோரில் ஏறக்குறைய 4 சதவீதத்தினருக்கு டிமென்ஷியா என்று கண்டது. அப்படியொரு கணக்கெடுப்பு நாளை வெள்ளவத்தையின் காலி வீதித் தொடர்மாடிகளுக்கும் வந்தால், வீட்டாரிடம் கேட்கவேண்டிய கேள்விகளைக் கீழே நிற்கும் காவலாளியிடமும் சமைக்க வரும் பெண்ணிடமும் கேட்பது நல்லது. ஸ்காபரோ மகனைக் கேட்டால், அம்மா சுகமாக இருக்கிறா என்றுதான் சொல்லுவார்.