வயருக்கும் கொஞ்சம் காசு வையுங்கோ

ஸ்கேனரும் டொங்கிளும் வாங்கி வானலைகளைத் தேடிக் கேட்கிற பழக்கம் எங்கட வயதுக்காரரிடம் மெல்ல மெல்ல வருகிறது. கம்பியூட்டரில் செருகுகிற சின்ன ஆர்டிஎல்-எஸ்டிஆர் டொங்கிள் ஒன்று போதும். தலைக்கு மேலே போகிற விமானம் 1090 மெகாஹேர்ட்ஸில் அனுப்புகிற தகவலையும், 137 மெகாஹேர்ட்ஸ் பக்கத்தில் ருஷ்யாவின் மீற்றியோர் செயற்கைக்கோள் அனுப்புகிற முகில் படத்தையும் வீட்டிலிருந்தே பிடிக்கலாம். நல்ல விசயம். ஆனால் கனபேர் காசு முழுவதையும் டொங்கிளுக்கும் அன்டெனாவுக்கும் கொட்டிவிட்டு, இரண்டையும் இணைக்கிற வயரை மிஞ்சின சில்லறையில் வாங்குகிறார்கள். பிறகு ஒன்றும் கேட்கவில்லை எண்டு டொங்கிளைத் திட்டி லாச்சிக்குள் போட்டுவிடுகிறார்கள். பாவம் டொங்கிள். பிழை பெரும்பாலும் வயரில்தான்.

கணக்கைப் பாருங்கோ. 1000 மெகாஹேர்ட்ஸ் அளவில், 10 மீற்றர் மெல்லிய ஆர்ஜி-174 வயர் 10 டெசிபலுக்கு மேல் விழுங்கும். அதாவது அன்டெனா பிடித்ததில் பத்தில் ஒரு பங்குகூட உள்ளே வராது. ஆர்ஜி-58 என்றால் கிட்டத்தட்ட கால்வாசி வரும். ரிவிக்குப் போடுகிற ஆர்ஜி-6 வயரில் இழப்பு 2 டெசிபல் அளவுதான். அரைவாசிக்கு மேல் வந்து சேரும். சிற்றலை வானொலி மட்டும் கேட்பவருக்கு இந்தக் கவலை இல்லை. 10 மெகாஹேர்ட்ஸில் எந்த வயரும் அதிகம் தின்னாது. அலைவரிசை ஏற ஏறத்தான் பசியும் ஏறும்.

"அம்பிளிஃபயர் ஒன்று போட்டால் சரிதானே?" எண்டு கேட்பார்கள். டொங்கிளுக்குப் பக்கத்தில் போட்டால் சரிவராது. வயரில் தொலைந்தது தொலைந்ததுதான். அம்பிளிஃபயர் இரைச்சலையும் சேர்த்தே பெருப்பிக்கும். போடுவதானால் மேலே, அன்டெனாவின் காலடியில் போட வேணும். அதைவிட மலிவான வழி வயரைக் குறைப்பது. டொங்கிளை அன்டெனாவுக்குக் கிட்ட வைத்து, யூஎஸ்பி வயரை 5 மீற்றர் வரை நீட்டலாம்.

இன்னொரு பக்கம், "எல்எம்ஆர்-400 இல்லாமல் இதில் இறங்காதே" எண்டு பயமுறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அது நல்ல வயர்தான். ஆனால் 10 மீற்றரில் ஆர்ஜி-6ஐ விட ஒரு டெசிபல்கூட மிச்சம் பிடிக்காது. ஆர்ஜி-6 75 ஓம், டொங்கிள் 50 ஓம், பொருந்தாது என்பது அடுத்த பயமுறுத்தல். அந்தப் பொருத்தமின்மையால் இணைப்பில் திரும்பிப் போவது 4 சதவீதம் மட்டுமே. கேட்பதற்கு இது ஒரு பொருட்டே இல்லை. உரிமம் எடுத்து ஒலிபரப்பப் போகிறவருக்குத்தான் 50 ஓம் வயர் அவசியம். காசில்லாத பிள்ளையைக் கேட்கவிடாமல் தடுக்கிற இந்த மேதாவித்தனத்தை நாங்கள் ஏற்கமாட்டோம். டிஷ் அன்டெனா பூட்டுகிறவரிடம் கிடைக்கிற வயரே போதும். ஒரு முனையை வெட்டிக் காட்டச் சொல்லுங்கோ. உள்ளே பின்னல் நெருக்கமாகவும் அதன் கீழே தகடும் இருந்தால் வாங்கலாம். பின்னல் நாலு நூல் போலக் கிடந்தால் எல்ஈடி பல்பின் இரைச்சலும் போன் சார்ஜரின் இரைச்சலும் அதற்குள்ளால் நுழைந்துவிடும்.

கொனெக்டரில் ஒரு பொறி இருக்கிறது. வைஃபை அன்டெனாக்களில் வருவது பெரும்பாலும் ஆர்பி-எஸ்எம்ஏ. டொங்கிளில் இருப்பது எஸ்எம்ஏ. இரண்டும் அழகாகத் திருகுப்படும். ஆனால் இரண்டு பக்கமும் நடுவில் ஓட்டைதான். ஊசி இல்லை, தொடுப்பும் இல்லை. வாங்க முதல் நடுவைப் பாருங்கோ. பிஎல்-259ஐ 'யூஎச்எஃப்' எண்டு விற்பார்கள். பெயரை நம்ப வேண்டாம். அது 300 மெகாஹேர்ட்ஸுக்குள்தான் ஒழுங்காக வேலை செய்யும். அதற்கு மேலே பிஎன்சி அல்லது என் வகை போடுங்கோ. அடாப்டருக்கு மேல் அடாப்டர் பூட்டுவதை விட, இரண்டு முனையும் சரியாக இருக்கிற ஒரே வயர் மேல்.

கடைசியாக மழை. ஐப்பசி, கார்த்திகையில் கொனெக்டருக்குள் நுழைகிற தண்ணி பின்னல் வழியே ஊர்ந்து வயர் முழுவதையும் கெடுத்துவிடும். இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒட்டுகிற ரப்பர் ரேப்பால் மூட்டைச் சுற்றுங்கோ. வீட்டுக்குள் நுழைய முதல் வயரை ஒருக்கால் கீழே தொங்கவிட்டால் தண்ணி அங்கேயே சொட்டிவிடும்.

புது டொங்கிள் வாங்க முதல் பழைய வயரை மாற்றிப் பாருங்கோ. கனபேருக்கு அதற்குப் பிறகு புது டொங்கிள் தேவைப்படாது.