ஒரு தரம், இரண்டு தரம்...

சென்ற ஆகஸ்டு மாதம் நம் பள்ளியில் நடந்த அறப்பணி ஏலத்தைப் பற்றி எங்கள் பத்தாம் வகுப்பில் இன்னும் பேச்சு ஓயவில்லை. முதியோர் இல்லத்திற்கு நீர் மோட்டார் வாங்கித் தர எண்ணினோம். மோட்டாருக்குப் பணம் சேர்ந்தது, குழாய்க்குச் சேரவில்லை. அடுத்த ஏலத்தை நடத்தவிருக்கும் ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளுக்காக எங்கள் கருத்தை இங்கே எழுதுகிறோம்.

ஏலம் நமக்குப் புதிதன்று. பங்குத் திருவிழாவில் தேங்காயும் சேவலும் ஏலம் போவதைச் சிறு வயது முதல் பார்க்கிறோம். எடுத்தவரே பொருளைத் திருப்பிக் கொடுத்து மறுபடி ஏலம் விடச் சொல்வதும் உண்டு. அப்படித்தான் எங்கள் கேக்கை நான்கு பேர் எடுத்தார்கள். மூன்று பேர் திருப்பித் தந்தார்கள். அன்று அதிகப் பணம் ஈட்டியது அந்தக் கேக்கே! (தின்றவர்கள் யார் என்பது வேறு கதை.)

விடுதி மாணவி ஒருத்தி, இரவுப் படிப்பு முடிந்த பின் ஆறு வாரம் உட்கார்ந்து மேசை விரிப்பு ஒன்றில் பூத்தையல் போட்டிருந்தாள். பட்டியலில் அதைக் கடைசியில் வைத்துவிட்டோம். மணி ஐந்தரை. பாதிப் பேர் எழுந்துவிட்டனர். வெளியே பள்ளிப் பேருந்து ஒலி எழுப்புகிறது. ஐம்பது ரூபாயில் தொடங்கி எழுபதில் "மூன்று தரம்" ஆகிவிட்டது. நூலின் விலையே அதைவிட அதிகம். முன் வரிசையில் இருந்த அவளும் கை தட்டினாள். நாங்கள் தலை குனிந்தோம். குற்றம் எடுத்தவருடையது அன்று, எங்களுடையது. இதற்குக் கீழே கொடுப்பதில்லை என்று ஒரு விலையை முன்பே குறித்திருக்க வேண்டும். கையால் செய்த பொருள்களைக் கூட்டம் நிறைந்திருக்கும் நடுவேளையில் எடுத்து, அவை உருவான கதையையும் சொல்லியிருக்க வேண்டும்.

கதைக்கும் விலை உண்டு. திருத்தந்தை பிரான்சிஸ் தமக்குப் பரிசாக வந்த ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிளை ஏலத்திற்குக் கொடுத்தார். 2014இல் பாரிசில் அது 2,41,500 யூரோவுக்குப் போனது. எதிர்பார்த்ததோ 15,000 யூரோ வரைதான்! அந்தத் தொகை உரோமை காரித்தாசின் ஏழைகள் விடுதிக்குச் சென்றது.

ஆனால் 1964இல் திருத்தந்தை ஆறாம் பவுல் விட்டுச் சென்ற காரை அன்னை தெரேசா குலுக்கல் சீட்டுக்கு வைத்தார். தொழுநோயாளருக்கான சாந்தி நகருக்குப் பணம் கிடைத்தது. ஏலத்தில் பெரிய பணப்பை உள்ளவர் மட்டுமே பேச முடிகிறது. நம் பெற்றோரில் பலர் அன்று வாய் திறக்காமலே இருந்து வீடு திரும்பினர். ஐந்து வீட்டார் சேர்ந்து ஒரு பொருளைக் கேட்கலாம் என்று அறிவித்திருந்தால் அவர்களும் மகிழ்ந்திருப்பார்களே!

இன்னொன்று, பணத்தை மேசையில் கட்டி இரசீது பெற்ற பிறகே பொருளைக் கொடுங்கள். பலத்த கைதட்டல் பெற்ற நாலாயிரம் ரூபாய் ஒன்று இன்றுவரை வரவில்லை. கேட்கச் சகோதரிகளுக்குக் கூச்சம். எங்களுக்கோ தினமும் அவர் மகளின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அந்த மேசை விரிப்பை எடுத்த அம்மையார், துவைத்து மடித்துச் சென்ற மாதம் திருப்பி அனுப்பியிருக்கிறார், அடுத்த ஏலத்தில் வைக்கச் சொல்லி. தையல் அறை அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது, தங்கைகளே. ஐந்நூறு ரூபாய்க்குக் குறைந்து தொடங்காதீர்கள்.