வயிறு சிறுத்தது, ஆசை சிறுக்கவில்லை

மைசூரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், குன்றின்மேல் அமைந்த மேல்கோட்டையை அறியாத தமிழ்க் குடும்பம் இப்பகுதியில் இராது. இராமாநுசர் 12-ஆம் நூற்றாண்டில் தங்கியிருந்த அத்தலத்தின் புளியோதரையும் சர்க்கரைப் பொங்கலும் பெரும்புகழ் வாய்ந்தவை. உடல் எடையைக் குறைக்க அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட அன்பர் ஒருவர் அங்கே சென்றால் அவர் நிலை யாது? வயிறு நான்கு வாய்க்குமேல் ஏற்காது. மனமோ தொன்னையை விட்டு அகலாது.

இச்சிகிச்சையில் வெட்கத்திற்கு இடமில்லை. நிதின் கட்கரி 2011-லும், அருண் ஜெட்லி 2014-லும் இதனைச் செய்துகொண்டதை நாடறியும். பெருவழக்கான ஒரு முறையில் இரைப்பையின் பெரும்பகுதியை அகற்றிவிடுகின்றனர். பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் சுரப்பு மிகுதியாக உண்டாகும் இடமும் அதனோடு நீங்குகிறது. ஆகவே முதற் சில திங்கள் பசி அடங்கியிருக்கும். ஆனால் ஓரிரு ஆண்டுகள் சென்றபின் பலருக்கு உணவு நினைவு மீண்டும் தலைதூக்குகிறது. சிலருக்கு எடையும் ஏறுகிறது.

இது ஒழுக்கக் குறைவு அன்று. 1944-45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில், உடல்நலம் மிக்க 36 இளைஞர் தாமே முன்வந்து 24 வாரம் அரைவயிறு உண்டனர். அவர்களிற் பலர் இரவும் பகலும் உணவையே எண்ணினர். சமையல் நூல்களை விரும்பிப் படித்தனர். கட்டுப்பாடு நீங்கியதும் அளவின்றி உண்டோரும் உளர். வாடிய உடல் உணவையே நினைப்பது இயற்கை என்பது இதனால் விளங்கும்.

ஆகையால் ஆசையோடு மல்லுக்கு நிற்பதினும் ஒழுங்கை அமைத்துக்கொள்வதே நலம். இரயில்வே அலுவலில் இருக்கும் நாம் அட்டவணையின் அருமையை அறிவோம். வண்டி வரும் நேரம் தெரிந்தவன் நடைமேடையில் தவிப்பதில்லை. உணவுக்கும் நேரம் குறித்துவிட்டால், இடைவேளையில் எழும் நினைவு வலுவிழக்கும். பருப்பு, தயிர், முட்டை போன்றவற்றை முதலிலும், சோற்றை இறுதியிலும் உண்க. மென்று, நிதானமாக உண்க. உண்ணும்போது நீர் பருகாது, அரைமணி கழித்துப் பருகுக. முறுக்கும் மிக்ஸரும் எளிதில் குழைந்து இறங்குவதால், சிறுத்த வயிறும் அவற்றைத் தடுக்காது. அவற்றைக் கண்ணெதிரே வைத்தலே தவறு. வேளையல்லாத வேளையில் ஆசை எழுந்தால், "கேட்பது வயிறா, மனமா?" என்று வினவிக் கால்மணி நேரம் உலவி வருக.

பிரசாதத்தை மறுக்க வேண்டியதில்லை. உணவு வேளையில் அமர்ந்து, ஒரு கரண்டி புளியோதரையைச் சுவைத்து உண்ணலாம். இனிப்பில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். குடலை மாற்றி இணைக்கும் சிகிச்சை பெற்றோர்க்குச் சர்க்கரைப் பொங்கல் விரைந்து குடலில் இறங்கி, வியர்வை, படபடப்பு, வயிற்றுப்போக்கு ஆகியவற்றை விளைவிக்கக்கூடும்.

மறைவில் உண்ணுதலும், நிறுத்த இயலாமையும் தோன்றினால் மருத்துவரிடம் தயங்காது உரைக்க வேண்டும். உணவியல் வல்லுநரும் மனநல மருத்துவரும் இதற்கு உதவுவர். மருத்துவர் குறித்த உயிர்ச்சத்து மாத்திரைகளையும் வாழ்நாள் முழுதும் விடலாகாது.

இல்லத்தாருக்கும் ஒரு சொல். "ஒரு வாய்தானே" என வற்புறுத்துவதும் கொடுமை. ஒவ்வொரு கவளத்தையும் எண்ணிக் காவல் இருப்பதும் கொடுமை. அவரோடு ஒரே பந்தியில் அமர்ந்து, அவர் நிதானத்திற்கு நாமும் நிதானமாக உண்பதே அன்பு.