பூனை எங்கே பிராண்டலாம்?

தடுப்பூசிக்கோ குடற்புழு மருந்துக்கோ பூனையைக் கொண்டுவந்தவர், கூடையை மூடிக் கையில் எடுத்துக்கொண்டு கதவருகே போனபிறகு திரும்பி நின்று கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: “டாக்டர், சோபாவை எல்லாம் கிழிக்குது, என்ன பண்றது?” அடுத்த நோயாளி காத்திருப்பார். நகத்தை வெட்டிவிடுங்கள், ஒரு கம்பம் வாங்கி வையுங்கள் என்று நாமும் இரண்டே வாக்கியத்தில் அனுப்பிவிடுவோம். ஒரு தோல் நோய்க்கு வரலாறு கேட்கிறோம், பரிசோதிக்கிறோம், சிகிச்சை எழுதுகிறோம், மறுபடி வரச் சொல்கிறோம். பிராண்டலுக்கு இதில் எதையும் செய்வதில்லை. அந்த அக்கறை இதற்கும் வேண்டும் என்று இந்த இதழ் கருதுகிறது. பிராண்டுவதை நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. அது நடக்கும் இடத்தை மாற்றலாம், அதை மாற்றித் தருவது கால்நடை மருத்துவரின் வேலை என்பதே நம் நிலைப்பாடு. நகத்தை எலும்போடு அகற்றும் அறுவைக்கு இந்த வேலையில் இடமில்லை.

உடற்கூறிலிருந்தே தொடங்குவோம். பூனையின் நகம் உறை உறையாக வளர்கிறது. பழைய மேலுறை தளர்ந்ததும் அதைக் கழற்றிப் போட முன்னங்கால்களுக்கு ஒரு சொரசொரப்பான பரப்பு தேவைப்படுகிறது. பின்னங்கால் உறையைப் பூனை பல்லால் கடித்தே எடுத்துவிடும். பிராண்டும் இடத்துக்குக் கீழே தரையைக் கூர்ந்து பார்த்தால் பிறை வடிவில், கண்ணாடிபோல் மெல்லிய நகத்தோடுகள் கிடக்கும். வீட்டாரிடம் ஒன்றை எடுத்துக் காட்டி, இது உடைந்த நகமல்ல, கழன்ற உறை என்று விளக்குவது நீண்ட அறிவுரையைவிடப் பலன் தரும். இரண்டாவது காரணம் உடலை நீட்டி முறிப்பது. தூங்கி எழுந்த பூனை முன்னங்கால்களை உயரே ஊன்றி, முதுகையும் தோளையும் இழுத்துப் பிராண்டுவது தசைகளுக்கான பயிற்சி. மூன்றாவது காரணம்தான் வீட்டாருக்குத் தெரியாதது. விரலிடுக்குச் சுரப்பிகளின் வாசனை பிராண்டிய இடத்தில் படிகிறது. கண்ணுக்குத் தெரியும் கோடும் மூக்குக்குத் தெரியும் வாசனையும் சேர்ந்து அது ஓர் அறிவிப்பாகிறது. வாசல், நடைபாதை, படுக்கையருகு, எல்லோரும் உட்காரும் சோபாவின் கைப்பிடி ஆகியவற்றையே பூனை தேர்ந்தெடுப்பது இதனால்தான். அறிவிப்பை யாரும் வராத மூலையில் எழுதுவதில்லை.

இதை ஏற்றுக்கொண்டால் வரலாறு கேட்கும் முறை மாறும். எந்தப் பரப்பு என்று முதலில் கேட்க வேண்டும்: துணியா, ரெக்சினா, மரக்கதவா, தரை விரிப்பா, கோரைப்பாயா? நின்றுகொண்டு மேலிருந்து கீழாக இழுக்கிறதா, தரையில் கிடந்து கிடைமட்டமாகக் கீறுகிறதா? எப்போது: தூங்கி எழுந்ததுமா, விருந்தாளி வரும்போதா, நள்ளிரவிலா? எப்போதிலிருந்து? சன்னல் ஓரத்திலும் வாசற்படியிலும் திடீரென்று கீறல்கள் கூடினால், வெளியே வேறொரு பூனை நடமாடத் தொடங்கியிருக்கலாம். வீட்டுக்குள் குழந்தையோ, புதுப் பூனையோ, வீடு மாற்றமோ வந்திருக்கலாம். பிரான்சில் 1211 பூனை வளர்ப்போரிடம் நடத்தி 2024இல் வெளியான ஓர் ஆய்வில், வீட்டில் குழந்தைகள் இருப்பதும், பூனையின் மிகையான விளையாட்டுத்தனமும், இரவு நேரத் துறுதுறுப்பும் வேண்டாத பிராண்டலோடு சேர்ந்தே காணப்பட்டன. வளர்ப்போர் சொன்னதை வைத்து எழுந்த முடிவு அது. காரண காரியத்தை நிறுவாது. ஆனாலும் பதற்றத்தைக் கேட்டறியாமல் நகத்தை மட்டும் பார்ப்பது அரைப் பரிசோதனை என்பதற்கு அது போதும். இதற்கு நேர்மாறானதும் உண்டு. பத்து வயதைத் தாண்டிய பூனை பிராண்டுவதை விட்டுவிட்டது என்று வீட்டார் மகிழ்ந்து சொன்னால் நாம் மகிழக் கூடாது. மூட்டு வலியால் கால் நீட்ட முடியாத பூனையின் நகம் தடித்து வளைந்து, பாதத் திண்டுக்குள் குத்திக்கொண்டிருக்கலாம். அங்கே பிராண்டல் நின்றதுதான் நோயின் அறிகுறி.

கம்பம் வாங்கினோம், தொட்டுக்கூடப் பார்க்கவில்லை என்பது அடிக்கடி வரும் மறுப்பு. பெரும்பாலும் அந்தக் கம்பத்தைப் பற்றிக் கேட்டாலே விடை கிடைத்துவிடும். முழங்கால் உயரம், கைபட்டால் ஆடும் அடிப்பலகை, பால்கனியில் துணிக்கொடிக்குக் கீழே ஓர் இடம். பூனை முழு உடலையும் நீட்டித் தன் எடையைக் கொடுத்து இழுக்கும்போது சாயும் எதையும் மறுபடி நம்பாது. சோபா சாய்வதில்லை. கலிபோர்னியாவின் ஆய்வாளர்கள் பல நாடுகளில் 4000க்கும் மேற்பட்டோரிடம் இணையவழி திரட்டி 2016இல் வெளியிட்ட தரவு இதைத்தான் காட்டுகிறது. நிமிர்ந்து நிற்கும், மூன்றடி அல்லது அதற்கு மேல் உயரமுள்ள கம்பங்கள் இருந்த வீடுகளில் வேண்டாத பிராண்டல் குறைவு. மேலே சுற்றப்பட்ட பொருள்களில் கயிறே அதிகம் பயன்பட்டது. வயது முதிர்ந்த பூனைகளிடம் விரிப்புத் துணிக்கும் வரவேற்பு இருந்தது. கம்பத்தைத் தொட்டதும் தின்பண்டமோ தடவலோ கொடுத்த வீடுகளில் அது கூடுதலாகப் பயன்பட்டது. கடையில் விற்கும் விலையுயர்ந்த பொருள்தான் வேண்டும் என்றில்லை. கனமான மரக்கட்டையில் முரட்டுக் கயிற்றை இடைவெளியின்றி இறுக்கிச் சுற்றி, அகலமான பலகையில் திருகாணியால் பிணைத்தால் போதும். பொள்ளாச்சிக் கயிற்று மில்களின் தேங்காய் நார்க் கயிறும், அரிசி மூட்டைச் சணல் சாக்கும் நம் ஊரில் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளவை. எந்தப் பூனைக்கு எது பிடிக்கும் என்பதை அது ஏற்கெனவே கிழிக்கும் பொருளே சொல்லிவிடும்: வாசல் மிதியடியைக் கீறும் பூனைக்குத் தரையில் படுக்கவைத்த நார்ப்பலகை, கதவைக் கீறும் பூனைக்கு நிமிர்ந்த மரம். வைக்கும் இடம் பொருளைவிட முக்கியம். கிழிபடும் சோபாவுக்கு ஒட்டியே கம்பம் நிற்க வேண்டும். சோபாவின் கைப்பிடியை இருபக்கம் ஒட்டும் டேப்பாலோ வழுவழுப்பான விரிப்பாலோ மூடிவைக்க வேண்டும். பூனை கம்பத்துக்குப் பழகிய பிறகு, நாளுக்குச் சில அங்குலமாக அதை நகர்த்தலாம். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் மூலையில் வைத்துவிட்டுப் பூனை வரட்டும் என்று காத்திருப்பதே பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம்.

தண்ணீர் பீய்ச்சுவது, செய்தித்தாளைச் சுருட்டி அடிப்பது, காலைப் பிடித்துக் கம்பத்தில் தேய்ப்பது ஆகிய மூன்றும் வீடுகளில் பரவலாக நடக்கின்றன. மூன்றையும் தெளிவாக வேண்டாம் என்று சொல்ல வேண்டும். தண்டிக்கப்பட்ட பூனை, தண்டிப்பவர் இருக்கும்போது பிராண்டக் கூடாது என்பதை மட்டுமே கற்கிறது. அவர் அலுவலகம் போனதும் சோபா அங்கேதான் இருக்கிறது. பதற்றம் கூடினால் அறிவிப்புகளும் கூடும். நகம் வெட்டுவது வேறு. அது பிராண்டலைக் குறைக்காது, சேதத்தைக் குறைக்கும். மடியில் வைத்து, விரலின் மேலும் கீழும் மெல்ல அழுத்தினால் நகம் வெளியே வழுக்கி வரும். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியும் ரத்த நாளப் பகுதிக்கு நன்றாக முன்பே, வளைந்த கூர்முனையை மட்டும் வெட்ட வேண்டும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும். ஒரே நாளில் எல்லா விரலையும் முடிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இதை வாயால் சொல்லி அனுப்பாமல் மேசையிலேயே ஒரு விரலை வெட்டிக் காட்டி, அடுத்த விரலை வீட்டாரையே வெட்டச் சொல்வது நல்லது. நகத்தின் மேல் ஒட்டும் மென்பிளாஸ்டிக் உறைகள் சில வாரங்களில் நகத்தோடு கழன்று விழும். பொறுமையான பூனைக்கு அவை தற்காலிக உதவி, அவ்வளவே.

இனி அறுவைக்கு வருவோம். ‘டீகிளா’ என்ற சொல் நகத்தை மட்டும் எடுப்பதுபோல ஒலிக்கிறது. பூனையின் நகம் மூன்றாம் விரலெலும்பிலிருந்து முளைக்கிறது; அந்த எலும்பை மூட்டோடு துண்டித்தால்தான் நகம் திரும்ப வளராது. மனிதனுக்கு ஒவ்வொரு விரலையும் கடைசி மூட்டில் வெட்டுவதற்கு இது சமம். விரல் நுனியில் எடையைத் தாங்கி நடக்கும் விலங்குக்கு இது என்ன செய்யும் என்பதை மருத்துவருக்கு விளக்க வேண்டியதில்லை. 2018இல் ஜர்னல் ஆஃப் ஃபீலைன் மெடிசின் அண்ட் சர்ஜரி இதழில் வந்த ஆய்வு, நகமெலும்பு நீக்கப்பட்ட 137 பூனைகளையும் நீக்கப்படாத 137 பூனைகளையும் ஒப்பிட்டது. மலசலத்தைத் தட்டுக்கு வெளியே கழிப்பதன் வாய்ப்பு விகிதம் ஏறத்தாழ ஏழு மடங்கு, கடிப்பதன் விகிதம் நான்கு மடங்குக்கு மேல், முதுகு வலியின் விகிதம் ஏறத்தாழ மூன்று மடங்கு. அறுவை செய்யப்பட்டவற்றில் 63 விழுக்காட்டுப் பூனைகளில் எலும்புத் துணுக்குகள் மிஞ்சியிருந்தன. சோபாவைக் காப்பாற்றப் போய்ப் படுக்கையை இழக்கும் வீடுகளை இந்த எண்கள் காட்டுகின்றன.

இது பின்னோக்கிய ஆய்வு, பூனைகள் சமவாய்ப்பு முறையில் பிரிக்கப்படவில்லை என்பது நியாயமான எதிர்வாதம். ஆரோக்கியமான விலங்கைச் சமவாய்ப்பில் ஊனப்படுத்தும் ஆய்வை எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்கக் கூடாது. ஆகவே கிடைக்கக்கூடிய சான்றின் எல்லைக்குள்தான் முடிவெடுத்தாக வேண்டும். லேசர் வந்துவிட்டது, வலிநிவாரணம் மேம்பட்டுவிட்டது, திறமையாகச் செய்தால் தீங்கில்லை என்பது அடுத்த வாதம். மேற்சொன்ன ஆய்விலேயே, துணுக்கு மிஞ்சாமல் நன்றாகச் செய்யப்பட்ட அறுவைக்குப் பிறகும் நடத்தைக் கோளாறுகளின் அபாயம் நீங்கவில்லை. லேசர் ரத்தக்கசிவைக் குறைக்கலாம். போன எலும்பைத் திருப்பித் தராது. எலும்பை விட்டுவிட்டு மடக்கு தசைநாணை மட்டும் அறுக்கும் மாற்று முறையில் பூனையால் நகத்தை நீட்ட முடியாது; தேய வழியில்லாமல் அது தடித்து வளரும், வாழ்நாள் முழுக்க யாராவது வெட்டியாக வேண்டும். அறுவையை மறுத்தால் பூனையைத் தெருவில் விட்டுவிடுவார்கள் என்ற வாதம் மனத்தைத் தொடுவது. அதற்கும் சான்று இருக்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா 2018இல் இந்த அறுவையைத் தடை செய்தது. தடைக்கு முன்னும் பின்னும் அந்த மாகாணக் காப்பகங்களின் பதிவுகளை ஒப்பிட்டு 2022இல் வந்த ஆய்வில், பொருள்களை நாசம் செய்கிறது என்ற காரணத்துக்காகப் பூனைகளை ஒப்படைப்பது கூடவில்லை. அந்தக் காரணத்தைச் சொல்லி வந்தவையே தொடக்கத்திலிருந்து மிகச் சிலதான்.

நோயெதிர்ப்புக் குறைந்தவர்கள் வீட்டில் இருந்தால்? பூனைக்கீறல் நோயை உண்டாக்கும் பார்டோனெல்லா ஹென்செலே பூனைகளிடையே பரவுவது தெள்ளுப்பூச்சியால்; ஆகவே தெள்ளுக் கட்டுப்பாடும், நகம் வெட்டுவதும், கீறல் பட்டால் உடனே கழுவுவதும்தான் முறை. எச்ஐவி உள்ளவர்களுக்கான அமெரிக்க அரசின் வழிகாட்டுதலும் நகநீக்கத்தைப் பொதுவாகப் பரிந்துரைக்கவில்லை. நம் நாட்டில் ரேபிஸ் அச்சம் இன்னும் பெரிது. ரத்தம் வராத சிறு கீறலையே உலக சுகாதார நிறுவனம் தடுப்பூசி வேண்டிய இரண்டாம் வகையில் வைக்கிறது. அதற்கு விடை பூனைக்கு உரிய காலத்தில் ரேபிஸ் தடுப்பூசி. பற்கள் இருக்கும்வரை விரலை வெட்டி ரேபிஸைத் தடுக்க முடியாது.

சட்டமும் ஒரு திசையில்தான் நகர்கிறது. ஐரோப்பிய வளர்ப்புப் பிராணிகள் பாதுகாப்பு உடன்படிக்கை 1987இலேயே இதை விலக்கியது. இஸ்ரேல் 2011இலும், அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் 2019இலும் தடை செய்தன. இந்தியாவின் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் பூனை நகம் என்று தனியே எதுவும் எழுதப்படவில்லை. ஆனால் அதன் 11ஆம் பிரிவு விலங்கை ஊனப்படுத்துவதைக் கொடுமை என்கிறது. விதிவிலக்காக மாட்டுக்குக் கொம்பு நீக்குதல், காயடித்தல், சூடு போடுதல், மூக்கணாங்கயிறு குத்துதல் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அந்தப் பட்டியலில் பூனையின் விரல் இல்லை. கட்டி, சீழ், எலும்பழற்சி போன்ற நோய்க்காக ஒரு விரலை எடுப்பது சிகிச்சை. தளபாடத்துக்காகப் பத்து விரல்களை எடுப்பதை அந்தப் பெயரில் அழைக்க முடியாது.

கடைசியாக நேரம். ஒரு நாளில் ஐம்பது அறுபது விலங்குகளைப் பார்க்கும் மருத்துவமனையில் இதற்கெல்லாம் எங்கே அவகாசம் என்ற கேள்வியை நாம் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் சோபா கிழிந்து, வீட்டில் சண்டை வந்து, பூனையை யாருக்காவது கொடுத்துவிடலாமா என்ற பேச்சு தொடங்கிய பிறகு ஆகும் நேரம், குட்டி முதல் தடுப்பூசிக்கு வரும் நாளில் ஆகும் ஐந்து நிமிடத்தைவிட மிக அதிகம். எட்டு வாரக் குட்டி எதையும் எளிதில் பழகும். அதன் கால்விரலை அழுத்தவும் கம்பத்தைக் காட்டவும் அதைவிட நல்ல பருவம் இல்லை. ஆகவே வாசகர்களான மருத்துவர்களிடம் இந்த இதழ் கேட்பது இது. குட்டியின் தடுப்பூசி அட்டையில் அடுத்த ஊசித் தேதிக்குக் கீழே மூன்று வரிகளைக் கையால் எழுதிக் கொடுங்கள்: மூன்றடி உயர ஆடாத கம்பம், அது படுக்கைக்கும் சோபாவுக்கும் அருகில், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நகம். அடுத்த ஊசிக்கு வரும்போது கம்பம் எங்கே நிற்கிறது என்று மறக்காமல் கேளுங்கள்.